வாசிக்கத் தெரியாத தந்தி

சென்ற இதழில் போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம்மின் ‘எஜமானின் குரல்’ நாவலைப் பற்றி ஒரு பதிலில் இரண்டே வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகவே இந்தத் தடவை பகுதி முழுவதும் அதற்கே.

வங்கி ஊழியர், சேலம்: விஞ்ஞானக் கதை என்றால் கடைசியில் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டாமா? கண்டுபிடித்தும் கைக்கு எட்டவில்லை என்று ஒரு நாவலா?

ஆமாம், அப்படித்தான். வானத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. செய்தி என்பது மட்டும் உறுதி. அமெரிக்க ராணுவத் தலைமை நாட்டின் தேர்ந்த மூளைகளையெல்லாம் திரட்டி, நெவாடா பாலைவனத்தில் பழைய அணுகுண்டுச் சோதனைத் தளம் ஒன்றில் குடியமர்த்துகிறது. அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டம் போலவே எல்லாம் ரகசியம். கணிதம், இயற்பியல், உயிர்வேதியியல், மொழியியல் என்று எல்லாத் துறையினரும் மோதிப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒரு துணுக்கு பெயர்ந்து வருகிறது. மீதி அப்படியே இருக்கிறது.

இதை நமக்குச் சொல்பவர் பீட்டர் ஹோகார்த் என்ற கணித அறிஞர். அவர் இறந்த பிறகு வெளியான நினைவுக் குறிப்பு என்ற உருவில் நாவல் அமைந்திருக்கிறது. போலிஷ் மொழியில் வெளிவந்த ஆண்டு 1968.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குத் தந்தி வந்தால், பிரிப்பதற்கு முன்பே அழுகைச் சத்தம் கேட்டுவிடும். ஆங்கிலம் தெரிந்த வாத்தியார் வீட்டுக்கு ஒரு பையன் ஓடுவான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சேரும் வரை அந்தத் தாள் திண்ணையில் கிடக்கும். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேரன் பிறந்த சேதியாகவும் இருக்கலாம், பெரியவர் போன சேதியாகவும் இருக்கலாம். வாத்தியார் வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்த நாவல்.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: செய்தி என்று முதலில் எப்படித் தெரிந்தது?

இந்தப் பகுதிக்காகவே நாவலைப் படிக்கலாம். வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை ஒரு வான்காணகம் காந்த நாடாவில் பதிந்து வைக்கிறது. வெறும் இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட அந்த நாடாக்கள் ஒரு வியாபாரியின் கைக்குப் போய், சமவாய்ப்பு எண்களாக விலைக்கு வருகின்றன.

சமவாய்ப்பு எண்களுக்கு அந்தக் காலத்தில் உண்மையிலேயே சந்தை இருந்தது. எந்த ஒழுங்கும் இல்லாத எண்கள் புள்ளியியல் மாதிரி எடுக்கவும் கணினிச் சோதனைகளுக்கும் தேவை. ராண்ட் நிறுவனம் பத்து லட்சம் இலக்கங்களை அச்சடித்து 1955-இல் ஒரு தடித்த புத்தகமாகவே போட்டது.

நாவலில், வாங்கியவர்களுக்கு ஒரு கோளாறு தென்படுகிறது. வந்த எண்களே திரும்ப வருகின்றன. ஒழுங்கே இல்லாத ஒன்று எப்படித் தன்னைத் தானே திருப்பிச் சொல்லும்? யாரோ ஒரே வாசகத்தை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறார் என்றால்தானே அது நடக்கும். ஒரு சுற்று முடியப் பதினேழு நாளுக்குச் சற்று மேல் ஆகிறது.

மனித குலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஒரு சரக்குப் புகாராக உள்ளே வருகிறது. லெம்முக்கு ஆராய்ச்சிக்கூடம் எப்படி நடக்கும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: ‘எஜமானின் குரல்’ என்றால் எங்கள் வீட்டு இசைத்தட்டில் இருந்த நாய் ஞாபகம் வருகிறது. சம்பந்தம் உண்டா?

அதே நாய்தான் அம்மா. எச்.எம்.வி. என்ற மூன்று எழுத்தின் விரிவுதான் நாவலின் பெயரும், நாவலில் வரும் திட்டத்தின் பெயரும். நாயின் பெயர் நிப்பர். ஃபிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் வரைந்தபோது அது உயிரோடு இல்லை, 1895-லேயே இறந்துவிட்டது. படத்தில் முதலில் இருந்தது பழைய உருளை போனோகிராஃப். கிராமபோன் கம்பெனி வாங்கிக்கொள்ள முன்வந்ததும் அதன் மேலேயே கிராமபோனை வரைந்து கொடுத்தார்.

இசைத்தட்டு சுற்றும்போது அந்த நாயும் சேர்ந்து சுற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குனிந்த தலை, குழாய்க்குள் நுழைகிற மாதிரி நீட்டிய மூக்கு. குரல் யாருடையது என்று அதற்குத் தெரியும். என்ன சொல்கிறது என்று தெரியாது. நம் விஞ்ஞானிகள் அதற்கும் ஒரு படி கீழே நிற்கிறார்கள், யாருடைய குரல் என்பதும் தெரியாமல். போலிஷில் ‘குவோஸ் பானா’ என்ற தலைப்பை ‘ஆண்டவரின் குரல்’ என்றும் படிக்கலாம். எஜமானும் ஆண்டவரும் அந்த மொழியில் ஒரே சொல்.

வாசகர், விருதுநகர்: வேற்றுக்கிரகவாசி எந்தப் பக்கத்தில் வருகிறார்?

எந்தப் பக்கத்திலும் வரவில்லை. கடைசிப் பக்கம் வரை அவருக்காக நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்: கணிதம் எல்லா உலகத்துக்கும் பொது மொழி அல்லவா? பிறகு ஏன் படிக்க முடியவில்லை?

ஐயா, உங்கள் கேள்வியைத்தான் ஹோகார்த்தும் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி பார்த்திருப்பீர்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளை போட்ட அட்டைகளை நூலால் கோத்து மாலை போலத் தொங்கவிட்டிருப்பார்கள். முந்தானையில் வரும் மயில், அன்னம், யாளி எல்லாம் அந்தத் துளைகளில்தான் இருக்கின்றன. இப்போது அந்த அட்டையில் ஒன்றைக் கழற்றித் தறியையே பார்த்திராத ஒருவர் கையில் கொடுங்கள். துளைகளை எண்ணுவார். வரிசை வரிசையாகக் கூட்டிப் பார்ப்பார். வெயிலில் பிடித்துச் சுவரில் விழும் புள்ளிகளைக் குறித்துக்கொள்வார். கெட்டிக்காரராக இருந்தால் துளைகளின் அமைப்பில் ஏதோ சமச்சீர் இருப்பதைக்கூட நிரூபித்துவிடுவார். மயில் மட்டும் வராது. மயிலில் பாதி அட்டையில் இருக்கிறது, மீதிப் பாதி தறியில் இருக்கிறது.

ஹோகார்த் செய்வதும் அந்தச் சமச்சீர் நிரூபணம்தான். செய்தியில் இருப்பது ஒரு வட்டம் போலத் தன்னில் தானே மூடிக்கொள்ளும் ஏதோ ஒன்று என்று கணித வழியில் காட்டிவிடுகிறார். திட்டத்தில் யாரும் அதைத் தாண்டிப் போகவில்லை. ஆனாலும் அது என்ன வட்டம், எதன் வட்டம் என்று அவருக்கே தெரியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. செய்திக் கோட்பாட்டை 1948-இல் கிளாட் ஷானன் வகுத்தார். அதன்படி, ஒரு செய்தியை வீணான எழுத்து ஒன்றுகூட இல்லாமல் சுருக்கிச் சுருக்கி அனுப்பினால், சாவி இல்லாதவர் காதில் அது வெறும் இரைச்சலாகவே விழும். அனுப்புகிறவர் திறமைசாலியாக ஆக ஆக, நமக்கு அது குப்பையாகத் தெரியும் வாய்ப்பும் கூடுகிறது. அதிகம் சொல்லத் தெரிந்தவரின் பேச்சுதான் நமக்கு அதிகம் புரியாமல் போகும் என்பது எனக்கு இன்றும் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

மருந்தாளுநர், ஈரோடு: ஓரத்தில் பெயர்ந்து வந்த துணுக்கு என்ன?

கூழ் மாதிரி ஒரு பொருள். செய்தியின் ஒரு சிறு பகுதியைச் சமையல் குறிப்பு போல எடுத்துக்கொண்டு செய்து பார்த்ததில் கிடைத்தது. ஒரு குழுவினர் அதற்குத் ‘தவளை முட்டை’ என்று பெயர் வைத்தார்கள், இன்னொரு குழுவினர் ‘ஈக்களின் அதிபதி’ என்றார்கள். பொருள் ஒன்றே. அதற்குள் சூடில்லாமலே அணுக்கரு வினைகள் நடக்கின்றன. விசித்திரமான பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் செய்தி சொல்ல வந்தது இதைத்தானா? அட்டைத் துளை வழியே சுவரில் விழுந்த வெளிச்சமாகவும் இருக்கலாமே.

இதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. செய்தியைச் சுமந்து வரும் நியூட்ரினோ ஓடைக்கே ஒரு குணம் இருப்பது தெரிகிறது: பெரிய மூலக்கூறுகள் நிலைத்து நிற்கும் வாய்ப்பை, உயிர் தோன்றுவதற்கான வாய்ப்பை, அது துளி கூட்டுகிறது. கடிதம் படிக்கப்படாமல் போகும் உலகங்களிலும், கடிதம் கடந்து போன காற்றில் உயிர் துளிர்க்க இடம் கிடைக்கிறது. அனுப்பியவர் அதைத் தெரிந்தே செய்தாரா? நாவல் பதில் சொல்லவில்லை. அன்புள்ளவர் எழுதிய கடிதம் இது என்று நம்ப அந்த ஒரு பக்கம்தான் ஆதாரம். நான் நம்பத்தான் செய்கிறேன்.

முன்னாள் ராணுவ வீரர், வேலூர்: ராணுவம் சும்மாவா விட்டது?

விடுமா? திட்டத்துக்குப் பணம் கொடுத்ததே ஆயுதம் கிடைக்கும் என்றுதான். ஹோகார்த்தும் ப்ராதெரோ என்ற இயற்பியலாளரும் ஒரு நாள் பயங்கரமான ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். அந்தக் கூழைக் கொண்டு, ஓரிடத்து அணு வெடிப்பின் ஆற்றலைக் கண நேரத்தில் வேறோர் இடத்துக்கு மாற்றிவிடலாம் போலிருக்கிறது. உலகத்தின் எந்த ஊரையும் ஏவுகணை இல்லாமல் எரிக்கலாம். இருவரும் யாரிடமும் சொல்லாமல் மறைத்து, இரவுகளில் தனியே சோதனை செய்கிறார்கள்.

அளவு கூடக் கூடக் குறி தப்புகிறது. வெடிப்பு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஆயுதமாகாது. விஞ்ஞானக் கதைகளில் நான் படித்த மிக உயர்ந்த காட்சி இது. தங்கள் கண்டுபிடிப்பு தோற்றது என்று உறுதியான நிமிஷத்தில் இருவருக்கும் உயிர் திரும்பி வருகிறது. தோற்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு சோதனை செய்யும் விஞ்ஞானிகளை வேறு யார் எழுதியிருக்கிறார்கள்?

நூலகர், புதுச்சேரி: நடுவில் ராப்பபோர்ட் சொல்லும் கதை என்னை உலுக்கிவிட்டது. நட்சத்திரக் கதையில் அது ஏன்?

படிக்காதவர்களுக்காக ஒரு வரி: ராப்பபோர்ட் திட்டத்தில் இருக்கும் விஞ்ஞானி. ஐரோப்பாவில் நாஜிகள் மக்களைப் பிடித்து வந்து ஒரு முற்றத்தில் நிறுத்திச் சுட்டபோது, தன் முறை வரக் காத்து நின்று, தற்செயலாகத் தப்பியவர்.

அது தமக்கே நேர்ந்தது என்று லெம் பின்னாளில் தம் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் மைக்கேல் காண்டலுக்கு எழுதினார். லெம் பிறந்தது 1921-இல், அப்போது போலந்தில் இருந்த லுவூஃப் நகரத்தில். இப்போது அது உக்ரைனில் இருக்கும் லிவிவ். யூதக் குடும்பம். போர்க் காலத்தில் பொய்க் காகிதங்களோடு கார் மெக்கானிக்காகவும் வெல்டராகவும் வேலை செய்து உயிர் பிழைத்தார். பிறகு க்ராகூஃபுக்குக் குடிபெயர்ந்து மருத்துவம் படித்தவர், ராணுவ மருத்துவராக அனுப்பிவிடுவார்கள் என்று கடைசித் தேர்வை எழுதாமலே விட்டார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இது. எதிரே நின்ற மனிதனின் கண்ணில் இருப்பதையே படிக்கத் தெரியாமல் துப்பாக்கியைத் தூக்கிய இனம் நாம். அப்படியிருக்க நட்சத்திரத்துக் கடிதத்தைப் படித்துவிடுவோம் என்ற தைரியம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று லெம் கேட்கிறார். அந்த முற்றம் இல்லாவிட்டால் இந்த நாவல் வெறும் புதிராக நின்றிருக்கும்.

விவசாயி, போடிநாயக்கனூர்: எங்கள் பக்கம் நியூட்ரினோ என்றாலே சண்டைதான். அதில் போய்ச் செய்தி வருமா?

வரும், சொல்லப்போனால் மனிதரே அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில், 240 மீட்டர் பாறை வழியாக ஒரே ஒரு சொல்லை நியூட்ரினோ கற்றையில் அனுப்பிப் படித்தார்கள். அந்தச் சொல், ‘நியூட்ரினோ’. பத்து விநாடிக்கு ஒரு பிட் என்ற வேகம்.

சூரியனிலிருந்து மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, விநாடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம்மைக் கடந்து போகின்றன. உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், பார்த்து முடிப்பதற்குள் அத்தனை போயிருக்கும். ஒன்றுகூட உங்களைத் தொடாது. ஆகவே துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடைந்தால் ஊற்று என்னாகும், காடு என்னாகும் என்று நீங்கள் கேட்பது வேறு கேள்வி, முழுக்க நியாயமான கேள்வி. அதற்கு இயற்பியலைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

இன்னொரு சேதியும் உங்களுக்கு. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் முதன்முதலில் சிக்கியது 1965-இல். ஓர் இடம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். மற்றொன்று தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த நம் கோலார் தங்க வயல், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே.

பொறியாளர், கோயம்புத்தூர்: நாவலை விடுங்கள். நிஜத்தில் இப்படி ஏமாற்றத்தில் முடிந்த கண்டுபிடிப்பு உண்டா?

நாவல் வெளிவந்த அதே 1968-ஐ எடுத்துக்கொள்வோம். மறுபடியும் ஒரு தங்கச் சுரங்கம், அதே நியூட்ரினோ.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் சுரங்கம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ரேமண்ட் டேவிஸ் ஒரு பெரிய தொட்டியை வைத்தார். உள்ளே ஏறத்தாழ நாலு லட்சம் லிட்டர் சலவைத் திரவம். பட்டுப் புடவையை ட்ரை கிளீனிங்குக்குக் கொடுத்து வாங்கினால் ஒரு வாசனை வருமே, அந்தச் சரக்கு. அதில் குளோரின் இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ எப்போதாவது ஒரு குளோரின் அணுவில் மோதினால் அது ஆர்கானாக மாறும். வாரக் கணக்கில் காத்திருந்து, ஹீலியத்தை ஊதி, அந்தக் கடலுக்குள் கிடக்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆர்கான் அணுக்களை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தார்.

ஜான் பகால் என்ற கோட்பாட்டாளர் சூரியன் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். டேவிஸுக்குக் கிடைத்தது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உலகமே இருவரில் ஒருவர் தப்பு என்றது. தொட்டி ஒழுகுகிறதா, அணுக்கள் வரும் வழியில் தொலைகின்றனவா என்று தேடினார்கள். டேவிஸ் தம் தொட்டியிலேயே தெரிந்த எண்ணிக்கையில் ஆர்கானைக் கலந்து, திரும்ப எடுத்துக் காட்டினார். வித்தியாசம் அப்படியே நின்றது. அவரும் விடவில்லை, 1990கள் வரை எண்ணிக்கொண்டே இருந்தார்.

கனடாவின் சட்பரி சுரங்க ஆய்வகம் 2001, 2002-இல் முடிச்சை அவிழ்த்தது. டேவிஸும் சரி, பகாலும் சரி. நியூட்ரினோக்கள் வரும் வழியில் வேறு வகை நியூட்ரினோக்களாக மாறிவிடுகின்றன, டேவிஸின் தொட்டிக்கு அந்த வகைகள் தெரியாது. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதும் அதோடு உறுதியானது. 2002-இல் நோபல் பரிசு வாங்கும்போது டேவிஸுக்கு வயது 88.

முப்பது வருஷம் அந்த மூன்றில் இரண்டு பங்கு ‘காணாமல் போனது’ என்று எழுதினார்கள். வந்து சேர்ந்துகொண்டேதான் இருந்தது, வேறு உடுப்பில்.

ஆசிரியை, மதுரை: விண்வெளிச் செய்தி என்று உண்மையில் யாரும் நம்பியதே இல்லையா?

நம்பும் விளிம்பு வரை போயிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், சம்மட்டி பிடித்துக் கம்பம் நட்டு, கம்பி இழுத்துத் தம் தொலைநோக்கியைக் கட்டி முடித்தார். அது நாளொன்றுக்குச் சுமார் முப்பது மீட்டர் காகிதத்தில் மை கொண்டு கோடு கிழிக்கும். அவ்வளவையும் அவர் கண்ணால் பார்ப்பார். 1967 ஆகஸ்டில் ஓரிடத்தில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல். வழக்கமான வான்பொருள் போலவும் இல்லை, தெருவில் போகும் வண்டியின் தொந்தரவாகவும் இல்லை. இன்னொருவராக இருந்தால் காகிதத்தைச் சுருட்டி வைத்திருப்பார். பெல்லுக்கு அந்தக் கிறுக்கலை முன்பே எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது.

நவம்பரில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தால், 1.3 விநாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் போல. பச்சைக் குட்டி மனிதர்கள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளை அதற்குச் செல்லப் பெயராக வைத்தார்கள். டிசம்பரில் வானத்தின் வேறொரு மூலையில் அதே போல இன்னொன்றையும் பெல் கண்டார். இரண்டு மூலையிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிடாது. 1968 பிப்ரவரியில் நேச்சர் இதழில் செய்தி வெளியானது. பிறகு தெளிவானபடி, அது சுழலும் நியூட்ரான் விண்மீன், பல்சார்.

1974 நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பெல்லுக்கு இல்லை. இதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. 2018-இல் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, இயற்பியல் படிக்க வாய்ப்பில்லாத மாணவர்களுக்கு உதவித்தொகையாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாசகர், திண்டுக்கல்: மிகச் சின்ன ஏமாற்றம் எது?

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது ஒரு மர்ம அலை பதிவானது. 2015-இல் காரணம் பிடிபட்டது: ஓடி முடிவதற்குள் கதவைத் திறந்துவிட்ட மைக்ரோவேவ் அடுப்பு. தங்கள் சமையலறையையே சந்தேகித்துத் துழாவி, கண்டதை அப்படியே உலகத்துக்கு எழுதினார்களே, அவர்களை நான் கும்பிடுகிறேன்.

ஆராய்ச்சி மாணவி, திருச்சி: நாலரை வருஷம் ஒரே சோதனை. எதிர்பார்த்த விளைவு வரவில்லை. ‘விளைவு இல்லை’ என்று எழுதினால் யார் போடுவார்கள் என்கிறார்கள். நீங்கள் சொன்ன நாவலைப் படித்துவிட்டு அழுதேன்.

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

கிளீவ்லாந்தில் 1887-இல் மைக்கெல்சனும் மார்லியும் ஒரு பெரிய கல் பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார்கள். அதன் மேல் கண்ணாடிகள். ஒளியை இரண்டு திசையில் அனுப்பித் திரும்ப வாங்கி, பூமி ஈதர் என்ற ஊடகத்தின் வழியே நகர்வதால் வரும் வேக வித்தியாசத்தை அளக்க வேண்டும். கல்லை மெல்லச் சுழற்றிக்கொண்டே, கூடவே நடந்தபடி கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் தென்படவில்லை. மைக்கெல்சனுக்கு அது தோல்வியாகவே பட்டது. ஆனாலும் வெளியிட்டார். ஈதர் என்ற எண்ணமே பின்னால் விழுந்ததற்கு அந்தக் கட்டுரை பெரிய காரணம்.

உங்கள் சோதனை அவ்வளவு பெரிதாக ஆகும் என்று பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கருவி எவ்வளவு நுட்பமானது, எந்த அளவுக்கு மேல் விளைவு இருந்திருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று எண் போட்டு எழுதுங்கள். டேவிஸ் ஆர்கானைக் கலந்து எடுத்துக் காட்டியது போல, ‘இருந்திருந்தால் பிடித்திருப்பேன்’ என்பதைக் காட்டுங்கள். அப்போது ‘விளைவு இல்லை’ என்பது ஓர் அளவீடாகிவிடும். வேறோர் ஊரில் இன்னொரு பெண் அதே பாதையில் நாலரை வருஷம் நடக்காமல் தப்புவாள். எதிர்பார்த்ததற்கு ஏற்ப எண்ணைத் திருத்தச் சொல்லி யாராவது ஜாடை காட்டினால் மட்டும், எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

அழுததில் தப்பில்லை. நானும் அந்த நாவலின் கடைசிப் பக்கத்தில் வெகு நேரம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசகர், பெங்களூரு: எந்தப் பதிப்பு வாங்கலாம்? படம் வந்திருக்கிறதா?

மைக்கேல் காண்டல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, 1983. ஹோகார்த் தம் மனத்தின் கெடுதலைத் தாமே தோண்டிக் காட்டும் முன்னுரை கடினமாக இருக்கும். தாண்டிப் போகாதீர்கள், தன்னையே அப்படிச் சோதித்தவர் என்பதால்தான் மற்றதை நம்புகிறோம். நாவலைத் தழுவி ஹங்கேரிய இயக்குநர் ஜியார்ஜி பால்ஃபி 2018-இல் ஒரு படம் எடுத்தார். புத்தகத்தை முதலில் படியுங்கள்.

வாசகி, திருநெல்வேலி: கடைசியில் செய்தியை அனுப்பியது யார் என்றாவது சொல்கிறாரா?

கருதுகோள்கள் வருகின்றன. இதற்கு முன் இருந்த ஒரு பிரபஞ்சத்தின் எச்சமாக இருக்கலாம், அனுப்பியவர் என்று யாருமே இல்லாமலும் இருக்கலாம் என்கிறார்கள். ஒவ்வொன்றும் அழகாகப் பொருந்துகிறது, ஒன்றையும் சோதித்துப் பார்க்க வழியில்லை. சாகப் போகும் வயதில் ஹோகார்த் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று கோடு போட்டு வைத்துவிட்டுப் போகிறார்.

பத்தாம் வகுப்பு மாணவன், அரியலூர்: நாமும் நட்சத்திரங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறோமாமே. அவர்கள் படிப்பார்களா?

போட்டிருக்கிறோம், தம்பி. 1974-இல் போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ தொலைநோக்கியிலிருந்து, எம் 13 என்ற விண்மீன் கொத்துக்கு. மொத்தம் 1,679 பிட். ஏன் 1,679? 23-ஐயும் 73-ஐயும் பெருக்கிப் பார். இரண்டும் பகா எண்கள். அந்த அளவில் கட்டம் போட்டு நிரப்பினால் படம் தெரியும், மனித உருவம்கூட உண்டு. போய்ச் சேரவே ஏறக்குறைய 25,000 வருஷம்.

படிப்பார்களா என்று கேட்டாயே. அதை உருவாக்கிய ஃபிராங்க் டிரேக், பல வருஷம் முன்பே இதே பாணியில் 551 பிட்டில் ஒரு சின்னச் செய்தியைத் தயாரித்துத் தம் சக விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பிப் பார்த்தார். வேற்றுலகத்தாரோடு பேசுவது பற்றி அவரோடு சேர்ந்து உட்கார்ந்து விவாதித்தவர்கள், பெரிய பெரிய அறிஞர்கள். சரியாகப் பிரித்துப் படித்துப் பதில் எழுதியவர் பெர்னார்ட் ஆலிவர் என்ற பொறியாளர் ஒருவர்தான்.

மற்றவர்களும் பூமியில் பிறந்தவர்கள்தான். எல்லாரும் டிரேக்கோடு ஒரே மொழி பேசியவர்கள்.